அருள் மேரியை இரண்டாகப் பிரித்த மதினிக்கு

என் செல்ல மதினி,

நலமா என்று கேட்க முடியாது. கேட்காமல் எழுதவும் கை வரமாட்டேன் என்கிறது. இங்கே மலையில் சீசன் கூட்டம், செண்பகனூர் வளைவில் டவுன் பஸ் நகரவே இல்லை. நேற்று பள்ளிக்கூட ஆபீஸில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து தன்னந்தனியாகச் சிரித்துத் தொலைத்தேன். புதிதாக வந்த டைப்பிஸ்ட் தெல்மா பயந்துவிட்டாள். "என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் கதைதான், இன்னொரு தரம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நாம் இருவரும் அதே ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தோம். திண்டுக்கல்லுக்கு அதைப் படிக்க அனுப்பினார்கள். எனக்கு மண்டையில் ஏறவில்லை, உங்களுக்கோ அது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. தலைமை சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: பரீட்சை ரிப்போர்ட் எல்லாம் மெஷினில் அச்சாகிப் பெற்றோர் கைக்குப் போனால் கம்ப்யூட்டர் வேலையும் குவார்ட்டர்ஸும் உங்களுக்கு, இல்லாவிட்டால் மதுரையிலிருந்து வேறு ஆள். வேலை கிடைக்காவிட்டால் சொந்த ஊர் ஆயக்குடிக்கே இறங்கி, கொய்யாத் தோப்பைப் பார்ப்பது என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். நீங்கள் போய்விட்டால் இந்த மலையில் எனக்கு யார்? நாத்தனார் தொல்லை விட்டது என்று நினைக்கிற மதினிமார் உண்டு. நீங்கள் எனக்காகவும் சேர்த்தே மல்லுக்கட்டினீர்கள்.

உங்கள் புரோகிராம் ஒவ்வொரு பிள்ளையின் மார்க்கையும் கூட்டி, அந்தப் பிள்ளையின் பெயரிலேயே ஒரு ஃபைல் போடும். ஆனால் அச்சடிக்க அதற்குத் தெரியாது. நாம் தட்டுகிற கட்டளைகளை வாங்கிச் செய்ய மெஷினுக்குள் ஷெல் என்று ஒன்று உண்டே, அதை நீங்கள் புரோகிராமுக்குள்ளிருந்தே கூப்பிட வைத்தீர்கள். இந்த ஃபைலை அச்சடி என்று புரோகிராம் சொல்லும், ஷெல் செய்யும். முதல் தடவை பிரிண்டர் தானாகக் கிளம்பியபோது என் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினீர்கள்.

"நாம ஒண்ணையும் தொடல பிலோ. நம்ம புரோகிராமு ஏவுது, அது செய்யுது. உங்க அண்ணன் ஒரு நாளாவது இப்பிடிச் சொன்னதச் செஞ்சிருக்காரா?"

சோதனைக்கு நம் வீட்டுப் பெயர்களைக் கொடுத்தோம். சேவியர், ராணி, பிலோ. எல்லாம் ஒற்றைச் சொல், எல்லாம் அழகாக வந்தன. மிஷன் பள்ளியில் அருள் மேரி, ஆரோக்கிய ராஜ் என்று இரட்டைப் பெயர் வைக்காத வீடு உண்டா? நமக்கு ஏன் அது உறைக்கவில்லை, மதினி?

ரிப்போர்ட் நாளன்று ஹால் நிறையப் பெற்றோர். பூம்பாறையிலிருந்து பூண்டு ஜீப்பில் வந்தவர் முதலில் நின்றார், மகள் பெயர் அருள் மேரி. பிரிண்டர் இரண்டு தாள் தள்ளியது. பெருமையாக எடுத்துக் கொடுத்தீர்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒண்ணு அருள்னு எவனோ நாலாப்புப் பயலோடது. இன்னொண்ணு மேரின்னு பெரிய கிளாஸ் பிள்ளையோடது. எம் மகள ரெண்டாப் பிச்சுப்புட்டீங்களா?"

ஹாலே சிரித்தது. அடுத்து ஆரோக்கிய ராஜ், அவனுக்குத் தாளே வரவில்லை. சிஸ்டர் பக்கத்தில் வந்து, "மதுரைக்கு ட்ரங்க் கால் போடவா, ராணி?" என்றார். நான் பிரிண்டருக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீங்களோ கண்ணை விரித்துக்கொண்டு, "சிஸ்டர், ஒரு காபி குடிச்சிட்டு வாங்க" என்றீர்கள். சிஸ்டரிடம் அப்படிப் பேசிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ரெண்டாப் பிச்சதுதான் பிலோ. பேருக்கு நடுவுல எடைவெளி வந்தா ஷெல்லுக்கு அது ரெண்டு ஃபைலு; அந்தப் பேருல ஃபைலு இருந்தா அடிக்குது, இல்லன்னா முழிக்குது. பட்டர் பீன்ஸ் வாங்கச் சொன்னா, வெண்ணெயத் தனியா பீன்ஸத் தனியா வாங்கிட்டு வந்து நிக்குது. ரெண்டும் ஒண்ணுதான்னு கட்டிக் குடுக்கணும்." பெயருக்கு முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டு அனுப்பும்படி அந்த ஒரு வரியை மாற்றினீர்கள். அவ்வளவுதான் சோலி.

அருள் மேரி முழுசாக வந்தாள். ஆரோக்கிய ராஜ் வந்தான், கணக்கில் ஃபெயிலாகி வந்தான், பாவம். கடைசித் தகப்பனும் தாளோடு படியிறங்கிய பிறகு சிஸ்டர் உங்களிடம், "திங்கக்கிழமை வெள்ளனே வந்துரு. குவார்ட்டர்ஸ் சாவி தர்றேன்" என்றார். நீங்கள் அழுதீர்கள், நான் உங்களைவிடச் சத்தமாக அழுதேன்.

இப்போது அந்த வேலையும் குவார்ட்டர்ஸும் என்னிடம். கடைசியில் என் மண்டையிலும் ஏற்றிவிட்டுத்தானே போனீர்கள்.

போன வாரம் ஆயக்குடிச் சித்தப்பா வந்திருந்தார். "அவளும் போய்ச் சேந்துட்டா, இனி இந்தக் குளிருல ஒனக்கு என்ன கெடக்கு சேவியரு? தோப்பப் பாக்க வந்துரு" என்றார். அண்ணன் கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம் பொண்டாட்டி ஜெயிச்ச வீடு சித்தப்பா இது. நான் எறங்க மாட்டேன்."

கேட்டுச்சா மதினி? வாழ்நாளில் ஒரு தரம் கூட உங்கள் முகத்துக்கு நேரே பாராட்டாத மனுஷன்.

அவரைத் தனியாக விடமாட்டேன். நான் இங்கே இருக்கிறவரை எந்தப் பிள்ளையும் பாதிப் பெயரோடு வீட்டுக்குப் போகாது. இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களை விட்டுக்கொடுக்காத நாத்தனார்,
பிலோமினா