சித்தப்பாவுக்கு நான் மேலாளர்

மார்ச் 3
இரும்புத்தாதுச் சுரங்கத்தில் இன்று எனக்கு மேலாளர் பயிற்சி தொடங்கியது. உள்ளூரிலிருந்து மேலாளர் ஆகப்போகும் முதல் ஆள் நான்தானாம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பயிற்சியாளரின் முதல் பாடம்: "வேலையிடத்துல உறவு கிடையாது. எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும்."
என் ஷிப்டில் இருபத்தாறு பேர். பதினொரு பேர் சொந்தம். பெரிய லாரி ஓட்டுபவர் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி.
விளங்கிடும்.

மார்ச் 4
கூப்பிட்டேன். பெயர் சொல்லி. வாக்கிடாக்கியில், ஊரே கேட்க.
சித்தப்பா லாரியை ஓரங்கட்டி, சாவியை என் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு முன்னால் செய்தி வீடு போய்ச் சேர்ந்திருந்தது. "தூக்கி வளர்த்தவர் பேரு வாய்க்கு அவ்வளவு இனிக்குதாடி?" என்றாள் அம்மா. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மார்ச் 5
போய் மன்னிப்புக் கேட்டேன். சித்தி கொடுத்த டீயில் சர்க்கரை இல்லை. சித்தி மறக்கிற ஆளும் இல்லை.

மார்ச் 6
இரண்டாம் பாடம்: கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். சித்தப்பா கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

மார்ச் 9
பிரேக்கைச் சோதிக்காமலே சித்தப்பா லாரியைப் பள்ளத்துக்குள் இறக்கப் பார்த்தார். "முப்பது வருஷமா ஓட்டுறேன். என் காலுக்கே தெரியும்."
"எச்சரிக்கைக் கடிதம் கொடுங்க," என்றார் பயிற்சியாளர்.
கொடுத்தால் வீட்டில் சோறு கிடைக்குமா? கொடுக்காவிட்டால் — கீழே பதினேழு பேர் வேலை செய்கிறார்கள்.
லாரிக்கு முன்னால் போய் நின்றேன். 
"சித்தப்பா, இறங்குங்க."
"மேனேஜரா சொல்றியா, மகளா சொல்றியா?"
"மகளாத்தான். மேனேஜர்னா லாரியை மட்டும் நிறுத்துவேன். மகள்னா சித்திக்கும் போன் போடுவேன்."
இறங்கிவிட்டார்.
மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். பிரேக் குழாயில் கசிவு. சித்தப்பாவும் குனிந்து பார்த்தார். பிறகு கூலிங்கிளாஸைக் கழற்றினார். "அந்தக் கடிதத்தைக் கொடு. கையெழுத்துப் போடுறேன்."

மார்ச் 10
பயிற்சியாளர் நோட்டும் பேனாவுமாக வந்து கேட்டார்: "இங்க சித்தின்னா என்ன பதவி?"

ஏப்ரல் 21
மேலாளராக மூன்றாம் நாள். அவசரத்தில் பாதுகாப்பு மேல்சட்டையை மறந்துவிட்டேன். சுரங்க வாசலில் சித்தப்பா கையை நீட்டி மறித்தார். பின்னால் ஷிப்டே நின்று வேடிக்கை பார்த்தது.
"மேல்சட்டை இல்லாம உள்ள விட முடியாது. போய்ப் போட்டுட்டு வாங்க."
போனேன். எனக்கு முப்பத்துநாலு வயது. சித்தப்பா என்னை 'வாங்க' என்றது இதுதான் முதல் தடவை.