அறுக்காத போல்ட்டுகள்

தாராவி, 1964
தை 5

இசக்கிக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. தலைப்பிரசவம். வளையல் போட்டு அழைத்து வர வேண்டும். தாய் தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள் நான். பேத்தியின் பிரசவம் என் வீட்டில் நடக்காவிட்டால் இந்தச் சந்தில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?

அவள் வீட்டுக்காரர் சுயம்பு அனுப்ப மாட்டேன் என்கிறார்.

தை 6

காரணம் தெரிந்தது. இசக்கியின் அண்ணன் நம்பிராஜனுக்கு சாந்தாகுரூஸில் விமானம் பழுது பார்க்கிற கொட்டகையில் வேலை. அப்படி ஒரு பேரன் எனக்கு என்று நான் சொல்லிக்கொள்ளாத நாள் இல்லை. வயதான போல்ட்டுகளைக் கழற்றி, யாரும் மறுபடி எடுத்து மாட்டிவிடாதபடி ரம்பத்தால் அறுத்துப் போடுவது அவன் பொறுப்பு. பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை, அதை அறுக்காமல் முழுசாகக் கேட்கிறார். கொடுத்தால் இசக்கியை அனுப்புவாராம்.

முடியாது என்றுவிட்டான் இவன்.

தை 8

பளபளவென்று இருக்கிறதை எதற்கு அறுக்க வேண்டும், லாரிக்குத்தானே கேட்கிறார் என்றேன்.

"லாரிக்குன்னு அத்தான் சொல்லுதாரு. டப்பாவில போட்டு, புதுசுன்னு விமானத்துக்கே வித்துருவாங்க ஆச்சி."

சக்கரத்துக் காலைப் பிடித்திருக்கிற போல்ட்டாம். ஒவ்வொரு தடவை தரையில் இறங்கும்போதும் பாரம் அதன்மேல் விழுகிறது. உள்ளே மயிரிழைபோல் கீறல் ஓடும். வெளியே துடைத்தால் மினுங்கும்.

"கண்ணுக்குத் தெரியட்டும்னு இருந்தா ஆள் செத்திருவான். அதான் நல்லா இருக்கும்போதே கழட்டுதோம்."

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

தை 11

இசக்கியைப் பார்க்கப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பார்வதியம்மாள் வாசலிலேயே காப்பி கொடுத்தாள். "பேரன் ஏரோப்ளேன்லதான் வந்து தங்கச்சியக் கூட்டிட்டுப் போவானோ?" என்றாள்.

கதவோரம் நின்ற இசக்கிக்குக் கால் வீங்கியிருக்கிறது.

தை 12

நான் சாப்பிடவில்லை. நம்பிராஜனும் சாப்பிடவில்லை. நான் செத்தால் கொள்ளி வைக்க வராதலே என்று சொல்லிவிட்டேன். வாய் — என்ன வாய் இது?

தை 15

நாலு போல்ட்டு. துணியில் சுற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தான். மேல் கழுவினான், படுத்தான்.

தை 18

இசக்கி வந்துவிட்டாள். கை நிறைய வளையல். சந்தே பார்த்தது.

மாசி 2

நம்பிராஜன் தானே போய்ப் பெரிய இஞ்சினியரிடம் சொல்லிவிட்டான். என்னிடம் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளையைப் போலீஸ் கூட்டிப் போனது. கடையில் இரண்டு அகப்பட்டன. மற்ற இரண்டும் கைமாறிவிட்டன. வாங்கினவன் யாரென்று தெரியாது என்கிறாராம். தெரியாதா, சொல்ல மாட்டாரா?

இவனுக்கு வேலை போயிற்று.

"எனக்காவா குடுத்தே? நான் கேட்டனா அண்ணே?" என்றாள் இசக்கி. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

மாசி 20

இன்றும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டு வந்தான். அந்த இரண்டு போல்ட்டும் கிடைக்கவில்லை.

சித்திரை 2

ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

சித்திரை 18

பேர் வைத்தோம். மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் வரவில்லை. நம்பிராஜன் இப்போது பார்க்கிற தோல் கிடங்கு வேலையை முடித்துக் குளித்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தான். முதல் வாய் எடுத்தபோது கூரைக்கு மேலே விமானம் போயிற்று. கை பாதியில் நின்றது. சத்தம் தேய்ந்து, ஒன்றும் கேட்காமல் போகிறவரைக்கும் நின்றது. பிறகு சாப்பிட்டான்.

குழம்புச் சட்டியோடு நானும் அப்படியே நின்றிருக்கிறேன்.

"ஏரோப்ளேன் போயிட்டுது ஆச்சி," என்றாள் இசக்கி. "ஊத்துங்க."