கல்ச்சியும் பட்டிக்காட்டானும்

மார்ச் 4, செவ்வாய்

மகள் லோஜனா கட்டப்போகிற ஐரிஷ் பெடியன் ஷோனின் தாய் தகப்பன் அயர்லாந்திலிருந்து விமானமேறி வந்துவிட்டார்கள். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மாடு வளர்க்கிற ஆட்கள். அப்படிப்பட்டவர்களை டப்ளின்காரர் 'கல்ச்சி' என்று நக்கலடிப்பார்களாம், சதுப்புநிலத்து ஆள் என்று 'பொகர்' என்றும் சொல்வார்களாம். இங்கிலாந்துக்காரருக்கு அது 'யோக்கல்'. ஷோனே சிரித்துச் சிரித்துச் சொன்னான். தமிழில் என்னவென்று கேட்டான்.

இவர் நெஞ்சைத் தட்டி, "பட்டிக்காட்டான். இஞ்ச நிக்கிறன்" என்றார். யாழ்ப்பாண ரவுணில் பிறந்த நான் மாங்குளத்துக் காட்டுப்பக்க மனிசனைக் கட்டினால் இப்படித்தான்.

மார்ச் 7, வெள்ளி

இவருக்கு வகுப்பெடுத்தேன். கையால் சாப்பிடக் கூடாது. வேண்டாம் என்பவரின் தட்டில் அள்ளிப் போடக் கூடாது. இந்த நாட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

"வாயைத் திறக்கலாமோ?"

"சாப்பிட மட்டும்."

மார்ச் 8, சனி

வந்தார்கள். தேநீர் வேண்டுமா என்றேன். தாய் நோரா, வேண்டாம், சிரமப்பட வேண்டாம் என்றார். விட்டுவிட்டேன். ரோல்ஸ் நீட்டினேன், தகப்பன் வேண்டாமென்று தலையாட்டினார். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்கள்.

"பாவம், பசிச்ச முகம்" என்றார் இவர். பேசாமல் இருங்கோ என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

லோஜனா அழுதுகொண்டு வந்தாள். தங்கள் பிள்ளையை எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நோரா நினைக்கிறாராம். போகிற வழியில் நியூ லின் கடையொன்றில் சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டார்களாம். அவர்கள் ஊரில் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. திரும்பத் திரும்பக் கேட்டால்தான் கை நீட்டுவார்கள்.

ஐயோ, இது எங்கட பழக்கமெல்லே? பெரியம்மா வீட்டில நானும் அப்பிடித்தானே இருந்தனான்? நாகரிகம் பாத்து, பிள்ளையின்ர கலியாணத்தையே குழப்பப் போறன் —

இவர் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. படுக்கப் போகும்போது மட்டும், "அவையளைத் திருப்பிக் கூப்பிடும்" என்றார்.

மார்ச் 15, சனி

திரும்ப வந்தார்கள். நோரா வேண்டாம் என்றார். நான் தேநீரை ஊற்றினேன். இவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது, கையால் சோறு பிசைந்தபடி எல்லாருக்கும் அள்ளிப் போட்டார். தகப்பன் இனி ஏலாது ஏலாது என்றே சாப்பிட்டார், பாதியில் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுத் தானும் கையை வைத்தார். ஒக்டோபரில் கலியாணம்.

போகும்போது மிச்சக் கறியைக் கட்டிக் கொடுத்தேன். நோரா வேண்டாம் என்றார். கார் வெளிக்கிட்டுவிட்டது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் எப்சம் தெருவில் ஓடி, கார் யன்னலுக்குள் திணித்தேன். முன்வீட்டு வெள்ளைக்காரி நாயோடு நின்று பார்த்தாள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன். இவர் வாசலில் நின்றார்.

"கல்ச்சி" என்றார்.

"ஓம்" என்றேன்.