தர்பூசணிக் கடைக்கு வந்தவர்

ஐயம்பேட்டை,
பங்குனிக் கடைசி

அன்புள்ள பொன்னிக்கு,

உன் அத்தை எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் சௌக்கியம். ஓசூரில் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் காமாட்சி பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசினால் நீ அங்கே அழுகிறாய், நான் இங்கே அழுகிறேன். விஷயத்தைச் சொல்லாமலே வைத்துவிடுகிறோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. தெருவில் தறிக்குப் பாவு நூல் விரிக்கிறவர்கள் விடியும்போதே வந்து, சூடு ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. நேற்று இந்த வருஷத்து முதல் கூழ்வடகம் போட்டேன். மாடியில் புடவையை விரித்தபோது மறு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. நாலு பக்கமும் செங்கல்லை வைத்துக்கொண்டேன். நீ கல்யாணமாகி வந்த வருஷம் நாம் இரண்டு பேரும் பிழிந்துவிட்டுக் கீழே போய்ச் சமையலை முடித்துவிட்டு வருவதற்குள், விமல் பாதி காய்ந்ததையெல்லாம் பிய்த்துத் தின்றுவிட்டு, காக்காய் தூக்கிப் போய்விட்டது என்றான். வாயோரமெல்லாம் கூழ். நீ சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டில் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். காமாலை வந்து என் பிள்ளை போனபிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை.

வாலாஜாபாத் ரோட்டில் எப்போதும்போலத் தர்பூசணிக் கடை போட்டிருக்கிறோம். இந்த வருஷம் பழம் நல்ல சிவப்பு. மாமாவுக்கு முட்டிவலி இருக்கிறது, ஆனாலும் காலையில் தோட்டத்தில் பழம் அறுப்பதை வேறு ஆளிடம் விடுவதில்லை. மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கவலைப்படாதே.

இனி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். பதறாமல் படி.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு ஒருவர் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து ஒரு துண்டு பழம் கேட்டார். தின்றுவிட்டும் போகவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். இதுதான் வேலாயுதம் ஐயா கடையா என்று மாமா பேரைச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் தன் பேர் குமரகுரு என்றும், ஓசூரில் உன் கம்பெனியில்தான் வேலை செய்வதாகவும் சொன்னார். உனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. அதெல்லாம் இல்லை என்று என்னை உட்காரவைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"பொன்னிய கல்யாணம் பண்ணிக்கணும்னு கேட்டேம்மா. உங்க ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டு எப்படின்னு முடியாதுன்னுட்டாங்க. நான் இங்க வந்தது அவங்களுக்குத் தெரியாது. நீங்களும் வேணாம்னு சொன்னா, இனிமே கேக்க மாட்டேன்."

பொங்கலுக்கு நீ ஏன் வரவில்லை, போனில் ஏன் வார்த்தை குறைந்துபோனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பொய் சொல்ல மாட்டேன் பொன்னி. எனக்கு முதலில் கோபந்தான் வந்தது. உன் மேல் இல்லை. வெயிலில் வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உயிரோடு என் எதிரில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறதே என்று கோபம். அவர் மேல் என்ன தப்பு? ஆனாலும் வந்தது.

மாமா எழுந்து அந்த வேகாத வெயிலில் தோட்டத்துக்கு நடந்துவிட்டார். தலைத்துண்டைக்கூட கடையிலேயே விட்டுவிட்டார். அந்தத் தம்பி துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அங்கே என்ன பேசினார்களோ, இன்றுவரை மாமா என்னிடம் சொல்லவில்லை. பொழுது சாயும்போது இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கூடைப் பழத்தோடு வந்தார்கள். ஊருக்குப் போகிற பிள்ளையைச் சாப்பிடாமல் அனுப்பாதே என்று மாமா என்னிடம் சொன்னார். கருவாட்டுக் குழம்பு இருந்தது, போட்டேன். அவர் வெட்கப்பட்டு எழுந்திருக்கப் பார்த்தார். மாமாதான் இன்னும் கொஞ்சம் சோறு போடு என்றார்.

அதற்குப் பிறகு மூன்று நாலு நாளில் விஷயம் எப்படியோ உன் பெரிய மாமனார் முனிசாமிக்கு எட்டி, முசரவாக்கத்திலிருந்து வந்துவிட்டார். செத்தவன் வீட்டு மருமகளுக்கு மாமனாரே மாப்பிள்ளை பார்ப்பதா, சாதிசனம் காறித் துப்பாதா என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். மாமா அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினார்.

"என் புள்ள ஆஸ்பத்திரில கெடந்தப்போ ராவும் பகலும் பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்தது அந்தப் பொண்ணுதான். அவன் போன அப்புறமும், ஓசூருக்கு வேலைக்குப் போயும், எங்கள கைவுடல. இனிமேயும் அதைக் கட்டிப் போட்டு வெச்சிக்கினு இருந்தா, நாங்க மனுசங்களா, அண்ணா?"

பெரியவர் ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டார். கல்யாணத்துக்கு வருவாரோ மாட்டாரோ தெரியாது. வராவிட்டாலும் போகட்டும்.

மறுநாள் காலையில் மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு செய்யாறு போய் உன் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தார். இதை நான் எந்த வாயால் உங்களிடம் கேட்பது என்றுதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன் என்று அவன் மாமா கையைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். அவனுக்குப் பூரண சம்மதம்.

நாங்கள் தனியாக இருப்போமே என்று நீ சொன்னதாக அந்தத் தம்பி சொன்னார். தனியாகத்தான் இருப்போம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம். ஆனால் எங்களுக்காக நீ அங்கே ஒற்றை அறையில் ஒண்டியாக நரைத்துப்போனால், அதைத் தாங்குகிற சக்தி எனக்கு இல்லை. விமல் படத்துக்கு முன்னால் நின்று நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவனிடம் நான் சொல்லிவிட்டேன். பெற்றவள் நான், சொல்லவேண்டிய விதத்தில் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணம் எங்கே, எப்போது என்பதை நீங்கள் இரண்டு பேரும் வந்து சொல்லுங்கள். ஆனால் பெண் இந்த வீட்டிலிருந்துதான் புறப்படவேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருக்கிறார். புடவை நம் தெருவிலேயே நெய்ததாக இருக்கட்டும். நிறத்தை நீ சொல்லு.

சித்திரா பௌர்ணமிக்கு லீவு போட்டுவிட்டு வா. பெருமாள் பாலாற்றுக்கு எழுந்தருளுவதைப் பார்த்து உனக்கும் வருஷக்கணக்காகிவிட்டது. நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். உன் பேர் சொல்லும் பிள்ளைகள் இந்த மாடியில் ஓடி விளையாடவேண்டும்.

வரும்போது தனியாக வராதே, அம்மா.

என்றைக்கும் உன் அத்தைதான்,
அங்கம்மாள்