கண்ணை மூடி எடுத்த கை

சிரஞ்சீவி திருவேங்கடத்துக்கு, பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்திலிருந்து உன் நைனா ஆதிகேசவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அம்மா கோவிந்தம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அவ்விடம் நீ சுகமா என்று இந்த முறை நான் கேட்கவில்லை. நாகப்பட்டணத்துத் துறையில் நீ சதை போட்டு நிறம் ஏறி இருப்பதாகத் தோணிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். உன் கையின் கீழ் படகு தள்ளுகிறவர்கள் சுகமா என்று கேட்கிறேன். அதற்குப் பதில் எழுது.

வீட்டுச் செய்தி என்றால், உன் தங்கை வேலம்மாவுக்கு ஆடி கடைசியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம். ஏரியின் முகத்துவாரத்தில் மண் ஏறிவிட்டதால் இந்த வருஷம் இறால் குறைவு. நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகிறது, கண் மங்கிவிட்டது, ஆனாலும் என்னிடம் படித்தவர்கள் பிழைக்க வெளியூர் போய்விட, ஊரில் எழுத்தாணி பிடிக்க வேறு ஆள் இல்லாததால் ஓலை எழுதவும் வந்த ஓலையைப் படிக்கவும் எல்லாரும் என்னிடம்தான் வருகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும். நீ அனுப்பிய சிவப்புச் சால்வை வந்து சேர்ந்தது. நான் அதைப் போர்த்தவில்லை. இந்த ஓலையோடு அதுவும் திரும்பி வருகிறது, மூட்டையைப் பதமாக அவிழ், உள்ளே வேறு பொருளும் வைத்திருக்கிறேன்.

போன மாதம் உப்புத் தோணியில் சடையன் வந்து இறங்கினான். உன்னோடு நாகப்பட்டணம் போகும்போது இரண்டு கையோடு போனவன். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கி, விரல்கள் காய்ந்த கருவாடு போல ஒட்டிக்கொண்டு இருந்தன. அவனோடு நீ எனக்கு எழுதிய ஓலையும் வந்தது. கள்ளைக் குடித்துவிட்டுப் படகின் முன்முனையான அணியத்தில் நின்றான், தன் தவறால் அடிபட்டான், துறையிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன், ஊரார் கேட்டால் சொல்லவும் என்று எழுதியிருந்தாய். ஊரார் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை, அவன் பெண்டாட்டி எல்லம்மாவை அழைத்து உன் வாசகத்தை அப்படியே படித்துக் காட்டினேன். எப்போதும் என்னை நீங்க என்று பேசுகிறவள் அன்றைக்கு நீ என்றாள். "எம் புருசன் கள்ளு வாடை பட்டாலே வாந்தி எடுக்கிற ஆளு வாத்தியாரே, கல்யாணத்தன்னிக்கு எங்கண்ணன் ஒரு மொந்தை ஊத்தி உட்டு மூணு நாளு சுருண்டு கெடந்துச்சு, ஊரே பாத்து சிரிச்சுது. ஒம் புள்ளைக்குப் பொய் சொல்லவும் வரலியானு கேட்டு எழுது" என்றாள். கேட்டு எழுதியிருக்கிறேன்.

இனி உனக்குத் தெரிந்ததையே எழுதப் போகிறேன், தெரிந்ததை மறந்தவனுக்கு மறுபடி சொல்லவேண்டியிருக்கிறது. முகத்துவாரத்தில் வலை கட்டுகிற இடமெல்லாம் ஒன்றல்ல. ஓரிடத்தில் இறால் வந்து கொட்டும், பக்கத்து இடத்தில் பாசிதான் வரும். அதனால்தான் நம் ஊரில் பாடு என்று முறை வைத்து, யார் எந்த இடம் என்று பானையில் சீட்டெடுக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். சடையன் வீட்டுக்கு வெட்டு விழுந்த ஆமை ஓட்டுத் துண்டு, ரங்கன் வீட்டுக்கு முடிச்சுப் போட்ட பனைநார், மாரி வீட்டுக்குச் சுட்ட மண் குண்டு. இதெல்லாம் பானைக்குள் போகும், ஆனால் ஊர்க்காரன் எவனும் பானையில் கை விடக்கூடாது. வழியோடு போகிற ஒரு வெளியூர்க்காரனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். வலை இல்லாத வீடு நம் வீடு ஒன்றுதான் என்பதால் பானை நம்மிடம் இருந்தது.

நீ படகு மேஸ்திரியாக நாகப்பட்டணம் போகும்போது பன்னிரண்டு பேரை அழைத்துப் போனாய். கப்பல் தூரத்தில் நிற்கும், அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கவேண்டும், பன்னிரண்டு பேரும் துடுப்புப் போடலாம், ஆனால் ஒருவன் அணியத்தில் நின்று கப்பலிலிருந்து வீசும் கயிற்றைப் பிடிக்கவேண்டும், படகு அலையில் ஏறி இறங்கும்போது கப்பலின் பக்கத்துக்கும் படகுக்கும் நடுவே மாட்டுகிறவன் அவன்தான். அந்த இடம் யாருக்கு என்ற கேள்வி வந்தபோது பாடு முறைப்படி தினமும் சீட்டு, படகில் ஏறாத நானே கண்ணை மூடி எடுக்கிறேன் என்று ஊர் நடுவில் நீ சொன்னாய். உன் வாக்கை நம்பிப் பன்னிரண்டு வீடும் தங்கள் அடையாளத்தைக் கொடுத்தன. பானையை என் கையால் எடுத்து உன்னிடம் கொடுத்தேன்.

சடையனுக்கு உன்மேல் கோபமே இல்லை, அதுதான் என்னை உட்கார விடாமல் செய்தது. "தம்பி மேல தப்பு இல்ல வாத்தியாரே, கண்ணை இறுக்கி மூடிக்கினுதான் கைய உட்டுச்சு. நாங்கல்லாம் பாத்துக்கினுதான் இருந்தோம். என் நேரம், என் ஓடுதான் வந்து வந்து மாட்டுது" என்றான். எத்தனை தடவை மாட்டியது என்று கேட்டேன். அவன் இடுப்புக் கயிற்றைக் காட்டினான். அணியத்தில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். எண்ணிப் பார்த்தேன். நாற்பது நாள் கடல் வேலையில் முப்பத்தொரு முடிச்சு.

கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான். பன்னிரண்டு அடையாளம் கிடக்கிற பானையில் நாற்பது முறை கை விட்டால் ஒருவனுக்கு மூன்று நான்கு முறை வரும், கெட்ட நேரம் என்றால் ஏழெட்டு வரும், முப்பத்தொன்று வராது. அப்போதுதான் எனக்கு உன் எட்டாவது வயது ஞாபகம் வந்தது. பானையைக் கவிழ்த்து அந்த அடையாளங்களை வைத்துத்தான் உனக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவி, இது ரங்கன் வீடு, இது மாரி வீடு என்று தப்பாமல் சொல்லுவாய். எனக்குப் பெருமை தாங்காது, வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள். வெளியூர்க்காரன்தான் எடுக்கவேண்டும் என்று நம் முன்னோர் ஏன் வைத்தார்கள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. உன் விரலுக்குக் கண் இருக்கிறது என்று தெரிந்தும் பானையை உன்னிடமே கொடுத்த தவறு என்னுடையது. அதை ஊர்ப் பெரியவர் தசரதன் முன்னாலும் ஒப்புக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு பிள்ளையை ஊகத்தின் பேரில் குற்றவாளி ஆக்கக்கூடாது என்று ஒரு சோதனை வைத்தேன். வெவ்வேறு விதமாகப் பன்னிரண்டு பொருளை வேறொரு பானையில் போட்டு, ஆரம்பாக்கத்திலிருந்து பொதிமாடு ஓட்டிவந்த ஒருவனை நிறுத்தி நாற்பது முறை எடுக்கச் சொன்னேன். "இன்னா ஓய், நாப்பது தபாவா, என் மாடு தெலுங்குச் சீமைக்கே போயிடும் போலக்கீதே" என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். சடையனுக்கு வைத்த பொருள் நான்கு முறை வந்தது. எதுவும் ஆறுக்கு மேல் போகவில்லை. அதன்பின் உள்ளூர்க்காரன் ஒருவனிடம் பொருள்களைத் தடவிப் பழகக் கொடுத்துவிட்டு, கண்ணைக் கட்டி, சடையனுடையதையே எடு என்றேன். பத்துக்குப் பத்தும் எடுத்தான். அங்கே நின்ற முனியம்மா, "வாத்தியார் புள்ளை படிச்ச படிப்பு இதானா" என்றாள். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சடையன் மட்டும் தன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு எழுந்து போய்விட்டான்.

காரணமும் தோணிக்காரர்கள் சொல்லித் தெரிந்துவிட்டது. போன முதல் வாரமே மாரிக்குக் காய்ச்சல், அவனைப் படகில் ஏற்றாதே என்று சடையன் எல்லார் முன்னாலும் சொன்னானாம். நீ, "அவ்ளோ கரிசனம்னா அவன் வேலையையும் நீயே செய்" என்றாயாம். மறுநாளிலிருந்து ஆமை ஓடு வர ஆரம்பித்திருக்கிறது. கடைசி நாளில் சடையனுக்கே காய்ச்சல், காற்றும் சரியில்லை, அன்றைக்கும் அவன் ஓடுதான். ஒருவன் வாய் திறந்து நியாயம் கேட்டதற்கு அவன் கையை வாங்கியிருக்கிறாய். அதுவும் முகத்துக்கு நேரே தண்டித்தால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று, விதி தண்டித்தது போலச் செய்திருக்கிறாய். வெளிப்படையாகக் கொடுமை செய்கிற மேஸ்திரியை எனக்குப் புரியும். அடிபட்டவனே தன் நேரத்தை நொந்துகொண்டு உனக்கு நல்ல பெயர் கொடுக்கும்படி செய்தவனை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கப்பல்காரன் அவசரப்படுத்தினான், வேலை நடக்கவேண்டும், பன்னிரண்டு பேரை அடக்கி ஆள்வது உங்களுக்கென்ன தெரியும் என்று நீ எழுதுவாய். முப்பது பிள்ளைகளை நான் ஆண்டிருக்கிறேன். அதில் ஒரு சட்டாம்பிள்ளை இருந்தான், கெட்டிக்காரன், நான் இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்ளப் பிரம்பை அவனிடம் கொடுத்தேன். தன்னை எதிர்த்துப் பேசிய ஒரே பையனைத் தினமும் ஏதோ ஒரு பிழை சொல்லி அடித்திருக்கிறான். பள்ளி அமைதியாகத்தான் இருந்தது, நானும் மெச்சிக்கொண்டேன். அடிபட்ட பையன் வராமல் நின்றபிறகுதான் அந்த அமைதி எதனால் என்று தெரிந்தது. பிரம்பைத் திரும்ப வாங்கி, அந்தச் சட்டாம்பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். உன் துறையும் இப்போது அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சடையனால் இனி வலை வீசமுடியாது. எல்லம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறாள். ஊரில் அடிபட்டவனுக்குப் பிடிப்பில் ஒரு பங்கு உண்டு, அதைக் குப்பம் கொடுக்கிறது. உன் துறையிலும் அடிபட்டவனுக்குச் சோறும் வைத்தியமும் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதாம், குடித்து அடிபட்டவனுக்கு மட்டும் கிடையாதாம். உன் பொய் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

அதனால் ஊர் கூடி, துறை அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவது என்று முடிவாயிற்று. குப்பத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். தசரதன் தயங்கித் தயங்கி, "உங்க புள்ளை மேல நீங்களே எழுதணும்னு எப்படிக் கேக்குறது, கோட்டைக் கணக்கர் கிட்டப் போலாமா" என்றார். வேண்டாம், கணக்கர் எழுதினால் ஒரு சொல் கூடும் ஒரு சொல் குறையும், நான் எழுதினால் உள்ளது உள்ளபடி இருக்கும் என்றேன். சடையன் குடிக்கவில்லை, காய்ச்சலோடு ஏற்றப்பட்டான், சீட்டு எடுத்தது மேஸ்திரியின் கை, முப்பத்தொரு முடிச்சு, இவ்வளவும் எழுதினேன். காய்ச்சல்காரனை ஏற்றக்கூடாது, சீட்டை வெளியாள் எடுக்கவேண்டும், அடிபட்டவனுக்கு ஆறும்வரை அவன் பங்கு போகவேண்டும் என்று கேட்டிருக்கிறோம். மேஸ்திரி பெயர் என்ற இடத்தில் ஆதிகேசவன் மகன் திருவேங்கடம் என்று எழுதினேன். நீ எழுத்து கற்றபோது முதலில் உன் கையைப் பிடித்து எழுதவைத்த பெயர் அது.

விண்ணப்பம் அடுத்த பௌர்ணமித் தோணியில் வருகிறது. இந்த ஓலை அதற்குப் பத்து நாள் முந்தி உன் கைக்கு வரும். விண்ணப்பத்தை நிறுத்தச் சொல்லி எனக்கு எழுதாதே, நிறுத்தமாட்டேன். இந்தப் பத்து நாளில் நீ செய்யக்கூடியது ஒன்றுதான். மீதிப் பதினொரு பேரையும் உட்காரவைத்து, பானையை அவர்கள் முன்னால் கவிழ்த்து, உன் விரல் செய்ததை உன் வாயால் சொல். துறையில் எழுதிக் கொடுத்த பொய்யையும் நீயே போய்த் திருத்து. பிறர் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்வதற்கும் நீ சொல்லித் தெரிந்துகொள்வதற்கும் உள்ள தூரம்தான், நீ இனி இந்த ஊருக்குள் கால் வைப்பதற்கும் வைக்காமல் இருப்பதற்கும் உள்ள தூரம். புரட்டாசி பிறக்கப்போகிறது, வாடை தொடங்குமுன் கிளம்பவேண்டும் என்று கப்பல்கள் நெருக்கும், அலை பெரிதாக இருக்கும், அதற்குள் இது முடியவேண்டும்.

சால்வைக்குள் பன்னிரண்டு சிப்பிகள் இருக்கின்றன. பழைய அடையாளங்களைத் திருப்பி அனுப்பிவிடு, இனி இவைதான் பானைக்குள் போகவேண்டும். எல்லாம் ஒரே அளவு. உன் அம்மா மூன்று நாள் கரையில் குனிந்து குனிந்து பொறுக்கி, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துச் சேர்த்தவை, ஒன்று எடை கூட இருக்கிறது என்று சொல்லி இரண்டு முறை மாற்றினாள். பெயர்களை நான் கீறவில்லை. வண்ணான் துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டைச் சாற்றால் உட்புறம் எழுதியிருக்கிறேன், உப்புத் தண்ணீரில் போகாது, விரலுக்கும் தெரியாது. எடுப்பவன் வெளியாளாக இருக்கட்டும்.

உன்னிடம் இப்போது இருப்பவர்கள் பதினொரு பேர். சிப்பிகள் பன்னிரண்டு. சடையன் இடத்துக்கு உன் பெயரை எழுதியிருக்கிறேன். அந்தச் சிப்பியில் மட்டும் நான் எழுதட்டுமா என்று உன் அம்மா கேட்டாள். அவளுக்கு எழுத்து வராது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், எழுதி முடித்துவிட்டு அதை மற்றவற்றோடு அவளே கலந்தாள்.

நல்ல புத்தியோடு நீண்ட ஆயுளோடு இரு. அணியத்தில் நிற்கும்போது இடது காலை உள்ளே வை, கயிற்றைக் கையில் சுற்றாதே, சடையன் சொல்லி அனுப்பியது இது. பதிலை உன் கையாலேயே எழுது, ஊரார் முன்னால் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் நைனா
ஆதிகேசவன்