குவியல் யார் மேசையில்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் மாலை வகுப்பில் தூங்கினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பகல் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர்கள். உற்பத்தி ஓட்டம் எங்கே தடைபடுகிறது என்று நான் பலகையில் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டுத் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கிறேன். வெல்டர் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு கொட்டாவி விடுகிறார். அதுவும் வாயை மூடாமல். மருத்துவமனைச் சலவைப் பிரிவு அக்கா மட்டும் விழித்திருந்தார். பரவாயில்லையே என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால், மேசைக்கு அடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கதை. அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்கண்ணன் வேற ஆள் பார்க்கப் போறாராம்."

அண்ணனின் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நிற்பது என் கணவர்தான். அச்சடித்த தாள் எல்லாம் அவரிடம் வந்து, வெட்டிய பிறகுதான் பைண்டிங்குக்குப் போகும். அவருடைய மேசையில் எந்நேரமும் தாள் மலையாகக் குவிந்து கிடக்கிறதாம். பைண்டிங்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். "மாப்பிள்ளை கை ஸ்லோ" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறான். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பானாம்.

ஒருத்தர் கட்டிய கணவர். ஒருத்தன் கூடப்பிறந்தவன். நான் எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் அடி எனக்குத்தான்.

ஜூன் 4, புதன்

மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கூடம் முழுக்கக் காகிதத்தைப் பரப்பி உறை செய்து விளையாடினார்கள். ஒருத்தி வெட்ட, ஒருத்தி மடிக்க, ஒருத்தி ஒட்ட. கொஞ்ச நேரத்தில் அடிதடி. "நீதான்டி லேட்டு." "நான் இல்ல, அவதான்." மடிக்கிறவள் முன்னால் காகிதம் குவிந்து கிடக்கிறது, ஒட்டுகிறவள் பசை விரலை ஊதிக்கொண்டு சும்மா இருக்கிறாள்.

திட்டுவதற்காகத்தான் எழுந்து போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வருஷமாக நான் பலகையில் வரைந்து வரைந்து புரிய வைக்க முடியாதது அத்தனையும் தரையில் கிடந்தது.

ஜூன் 5, வியாழன்

வகுப்பில் அந்த உறை விளையாட்டை ஆடினோம். ஐயோ, எவ்வளவு சிரிப்பு.

பழைய கேள்வித்தாள்கள்தான் சரக்கு. குழுவுக்கு நாலு பேர்: வெட்டு, மடிப்பு, ஒட்டு, முத்திரை. மணி அடித்ததும் தொடங்க வேண்டும், அடுத்த மணிக்கு நிறுத்த வேண்டும். முத்திரை விழுந்த உறை மட்டும்தான் கணக்கு. வெல்டர் கத்தரிக்கோலை எடுத்தார் பாருங்கள், இரும்புக் கேட்டை அறுக்கிற மாதிரி வெட்டித் தள்ளுகிறார். மடிப்பில் லாரி டிரைவர். ஸ்டீயரிங் பிடித்த கை. மூலை சேரவே மாட்டேன் என்கிறது. "யோவ், சீக்கிரம்யா" என்று நாலா பக்கமும் சத்தம். அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பி, இங்கே ஏதாவது தகராறா என்று கேட்டார்கள்.

யாருமே தூங்கவில்லை. பட்டாணிக்கும் விடுமுறை.

ஜூன் 6, வெள்ளி

வெல்டர் இன்று எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஒரு தந்திரம் செய்தேன். "யாருக்கு உதவிக்கு ஆள் வேணும்?" என்று கேட்டேன். வெல்டர்தான் முதலில் கையைத் தூக்கினார். கொடுத்தேன். இப்போது வெட்டுவதற்கு இரண்டு பேர். டிரைவர் முன்னால் இருந்த குவியல் அவருடைய மூக்கு வரைக்கும் ஏறியது. முத்திரை விழுந்த உறைகளை எண்ணினால் போன வாரம் எத்தனையோ அதேதான்.

வெல்டர் தலையைச் சொறிந்தார். "நான் இவ்ளோ வேகமா வெட்டினதெல்லாம்?"

"குப்பையா கிடக்கு, அதோ" என்றார் சலவை அக்கா. பிறகு தானாகவே சொன்னார்: "எங்க இடத்துலயும் இதே கூத்துதான். துவைக்கிற மெஷின் புதுசா வாங்கினாங்க. உலர்த்துற இடம் அதேதான். ஈரத்துணி நடைபாதை வரைக்கும் வந்துடுச்சு."

ஆசிரியருக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? பேருந்தில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஆனால் வீட்டுப் படியேறும்போது உறைத்தது. குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைத்தான் எல்லாரும் திட்டினோம். நானும்கூட டிரைவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் அந்த இடத்தில் இருப்பது யார்?

அவர் கை ஸ்லோவா? எனக்கு வாய்த்த மனிதர் வெங்காயம் நறுக்கினால் நான் அடுப்பு பற்றவைப்பதற்குள் முடித்திருப்பார்.

ஜூன் 12, வியாழன்

கேள்வித்தாள் தீர்ந்துவிட்டது. வெட்டித் தள்ளிய துண்டுக் காகிதம் கேட்கிற சாக்கில் அச்சகத்துக்குப் போனேன். சாக்கு என்று எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது.

ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் பில் புத்தகத் தாளை அடுக்கி, தட்டிச் சமன்செய்து, அளவைப் பொருத்தி, ஒரு வெட்டு போடுகிறார். அண்ணன் போனைக் காதில் வைத்தபடியே உள்ளிருந்து வருகிறான்: "மாப்பிள்ளை, அத நிறுத்துங்க. இந்த நோட்டீஸ் அவசரம்." இவர் பாதி வெட்டிய தாள்கட்டை இறக்கி வைத்துவிட்டு, அளவை மாற்றி, திரும்ப அடுக்கித் தட்டி... ஒரு வெட்டு. மறுபடி போன். "மாப்பிள்ளை, நோட்டீஸ் இருக்கட்டும், லேபிளுக்கு ஆள் வந்து நிக்குறான்." அவரும் சரி சரி என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார். வெட்டுகிற நேரத்தைவிட மாற்றுகிற நேரம்தான் அதிகம். பாதியில் நின்ற கட்டுகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த மலை.

அவர் கையில் ஒரு குறையும் இல்லை. கோளாறு அண்ணன் வாயில்.

ஜூன் 13, வெள்ளி

அண்ணனிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "நீ வாயத் திறக்காத. பொண்டாட்டிய விட்டுத் தூது அனுப்பினான்னு பேராயிடும். எனக்கு அது வேணாம்."

கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறேன், என் வீட்டு விஷயத்துக்கு வாய்ப்பூட்டா? சரி. வாயைத்தானே திறக்கக் கூடாது என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

ஆட்டத்தில் ஒரு புது விதி சேர்த்தேன். உறையில் பெரிது, சின்னது என்று இரண்டு அளவு. மடிப்பவர் அளவுக்கு ஏற்ற அட்டையை மேசையில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டுதான் மடிக்க வேண்டும். அளவு மாறினால் கிளிப்பையெல்லாம் கழற்றி வேறு அட்டையை மாட்ட வேண்டும். முதலாளி வேஷம் சலவை அக்காவுக்கு. எப்போது வேண்டுமானாலும் மணியடித்து அளவை மாற்றச் சொல்லலாம்.

அண்ணன் இரண்டு மூட்டைத் துண்டுக் காகிதத்தோடு வந்தான். "வெச்சுட்டுக் கிளம்பறேன்" என்றான்.

"அண்ணா, ஒரு ஆள் குறையுது. கால் மணி நேரம் உட்காரேன்."

காலியாக இருந்தது மடிப்பு நாற்காலி ஒன்றுதான். சத்தியமாக நான் திட்டமிடவில்லை. சரி, டிரைவரை வேறு குழுவுக்கு மாற்றியது மட்டும் நான்தான்.

"சின்னப் புள்ளைங்க வேலையால்ல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். மணி அடித்தது. பெரிய உறையை அழகாகத்தான் மடித்தான். "சின்னது முதல்ல, அவசரம்" என்றார் அக்கா. மாற்றினான். "அத விடுங்க, பெருசுக்கு ஆள் வந்து நிக்குது." மாற்றினான். மூன்றாவது தடவை ஒரு கிளிப் பறந்து போய் ஜன்னலில் விழுந்தது. வெல்டர் வெட்டி வெட்டி முன்னால் கொட்டுகிறார். ஒட்டுகிறவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். என் அண்ணன் நெற்றியில் வியர்வை.

அக்கா குனிந்து பார்த்தார். "என்னங்க, உங்க கை ரொம்ப ஸ்லோவா இருக்கே. வேற ஆள் பார்க்கணும் போலிருக்கே."

நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தால் அது தானாக வாயில் வரும்போல.

"யாரு ஸ்லோ? ஒரு வேலையையாவது முழுசா முடிக்க விட்டீங்களாம்மா நீங்க?" என்று கையில் அட்டையோடு எழுந்தே விட்டான். எழுந்தவன் அப்படியே நின்றான். மெதுவாக என் பக்கம் திரும்பினான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜன்னலில் கிடந்த கிளிப்பைப் போய் எடுத்து வந்தான். பிறகு உட்கார்ந்து, "இன்னொரு ஆட்டம்" என்றான். "இந்தத் தடவ பெருசு மொத்தமும் முடிஞ்சாதான் சின்னது. நான் கேட்டாத்தான் வெட்டணும்." குவியலே இல்லை. உறைகள் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தன. வகுப்பே கை தட்டியது. போகும்போது ஓர் உறையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

பயமாக இருக்கிறது. பத்துப் பேர் முன்னால் அண்ணனை இப்படி உட்கார வைத்திருக்கக் கூடாதோ? கோபத்தில் நாளைக்கே ஆளை மாற்றிவிட்டால்? அவரிடம் நான் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வெயில் இருக்கும்போதே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். போச்சு, வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

"வேலை முடிஞ்சுது, வந்துட்டேன்" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லாத குரல்.

அண்ணன் நேற்றுக் காலை எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னானாம்: வெட்டும் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். அது முடிந்தால்தான் அடுத்தது. நடுவில் யாரும் மாற்றக் கூடாது, "நான் உள்பட". போனில் எவரோ அவசரம் என்று கத்தியதற்கு, "வரிசைல நிக்கட்டும்" என்றானாம். அந்த உறையை வெட்டும் இயந்திரத்துக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறானாம்.

"வேற ஆள்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? மாப்பிள்ளை ஒருத்தர் போதும்னாரு."

மகளை அழைத்துக்கொண்டு மூன்று பேரும் நடந்தே கடைத்தெருவுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். எங்கள் வகுப்பில் நடந்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய ஐஸ்கிரீமில் பாதியை என் கிண்ணத்தில் போட்டார்.

ஜூலை 2, புதன்

அண்ணன் போன். எடுத்ததும் சத்தம். "ஏய், உன் வீட்டுக்காரர் பண்ற அநியாயத்தக் கேளு."

வெட்டு மேசை காலியாம். பைண்டிங்கில் விறுவிறுவென்று வேலை நடக்கிறதாம். ஆனால் கடைசியில் எல்லாக் கட்டுகளையும் அண்ணன் ஒரு தடவை புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போக முடியும். இப்போது மலை அவன் மேசையில். ஆளே தெரியவில்லையாம். இன்று காலை அவர் அந்த மலைக்கு முன்னால் போய் நின்று, எல்லாரும் கேட்க, அவருக்கே உரிய அந்த அமைதியான குரலில் சொன்னாராம்: "மச்சான் கை கொஞ்சம் ஸ்லோ. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்."

சொல்லிவிட்டு அண்ணன் சிரித்த சிரிப்பில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்னால் அச்சகமே சிரிப்பது கேட்டது. அதில் அவர் குரலும் இருந்தது.

"சரி, செவ்வாய்க்கிழம உன் வகுப்புல எனக்கு ஒரு எடம் இருக்குமா?" என்று கேட்டான்.

"முத்திரை குத்துற நாற்காலி காலியாத்தான் இருக்கு, வா" என்றேன்.