அறுபத்திரண்டாம் கட்டத்துப் பாம்பு

மார்கழி 9
பனி. வறட்டி காயவில்லை.
கொழுந்தனார் மகள் செல்வி கிணற்றடியில் அழுதாள். பத்தாவது படிக்கிற பெண். ரைஸ்மில் ஆள் ஒருவன் பதினைந்து நாளாகச் சைக்கிளில் பின்னாலேயே வருகிறானாம். கூடப் படிக்கும் ருக்குவும் மல்லிகாவும் துணைக்கு வருவதில்லையா என்றேன்.
"அவன் வந்தா அதுங்க சிரிச்சிக்கினே தள்ளிப் பூடுதுங்க பெரிம்மா. சினிமால தோழிங்க போறாப்ல."
ஆண்களிடம் சொன்னால் படிப்பு நிற்கும். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மார்கழி 11
பழைய வார இதழ் எட்டு புரட்டினேன். என் வழக்கப்படி கணக்கு:
மனைவியைக் கேலி செய்யும் ஜோக் – 23
கறுப்பாக இருப்பதால் அழும் பெண், விளம்பரம் – 5
அறை வாங்கித் திருந்தும் பெண், கதை – 3
அறை வாங்கித் திருந்தும் ஆண் – இல்லை
இத்தனையும் நான் சிரித்துப் படித்தவை. பெருமாளே.

மார்கழி 14
காலண்டர் அட்டையின் பின்புறம் பரமபதம் வரைந்தேன். பாம்புத் தலைகளில் அசுரர் பெயருக்குப் பதில் இதழில் வெட்டிய படங்கள். விதி: பாம்பில் விழுந்தவள் அந்தப் படத்திலுள்ள பொய்யைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இறங்க வேண்டாம். 62இல் மட்டும் டூரிங் கொட்டகை சினிமா நோட்டீஸ். சைக்கிளைக் குறுக்கே விட்டுப் பெண்ணை மறிக்கும் கதாநாயகன். இந்த ஒன்றுக்காகத்தான் மற்றதெல்லாம். அந்த இரண்டு பெண்களுக்கும் உறைக்க வேண்டும்.
கோந்து தீர்ந்து, கஞ்சி வைத்து ஒட்டினேன்.
இவர்: "பெருமாள் ஆட்டத்துல இன்னாத்துக்கு இந்தக் கண்றாவி?"

மார்கழி 17, ஏகாதசி
பட்டினி. கோயில். மத்தியானம் மூன்று பெண்களும் ஆட உட்கார்ந்தார்கள்.
முகக் கிரீம் விளம்பரம் ஒட்டிய பாம்பில் மல்லிகா விழுந்தாள். "அந்தப் பொண்ணு மொதல்லயே செவப்பு அத்தே. கரியப் பூசிக் காட்டறான்." அசந்துபோனேன்.
பிறகு ருக்கு, 62.
"இதுல பொய் இன்னா கீது? கடைசில அவனத்தான கட்டிக்கிது. இது பாம்பில்ல அத்தே, ஏணி."
"அந்தப் பொண்ணு வேணாங்குதே."
"வேணாம்னா வேணும்னு அர்த்தம். சினிமா பாத்திருந்தாதான உங்களுக்குத் தெரியும்."
மல்லிகாவும் ஏணி என்றாள். செல்வி சோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏகாதசி ஆட்டம் சண்டையில் முடியக் கூடாது என்பார்கள். சரி, ஏணி என்று விட்டுக்கொடுத்தேன். ருக்கு ஏறினாள்.

மார்கழி 24
ஏரிக்கரையில் அவன் செல்வியின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். மானாம்பதி பஸ்ஸே பார்த்தது. தோழிகள் இருவரும் புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றார்களாம். ருக்குவைக் கேட்டேன்.
"லவ்வுன்னு நெனச்சோம் அத்தே. நீங்களே ஏணின்னுதான சொன்னீங்க."


மார்கழி 25
கொழுந்தனார்: "கையப் புட்ச்சவனுக்கே குட்த்துடலாம் அண்ணி. வேற எவன் கட்டுவான்?"
"அவளுக்கு அவனப் பிடிக்கல."
"இப்ப அப்டித்தான் சொல்லும். அப்பால சரியாப் பூடும்."
இவரும் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு முன்னமே தெரியுமா?"
தெரியாது என்றேன்.

தை 6
வெயில். பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர். ரவை 1 படி, வாழைக்காய் 6. செல்வியின் பள்ளிக்கூடப் பையை அவள் அம்மா பரணில் போட்டுவிட்டாள்.
செல்வி தலை பின்ன என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.
"வேணாம்னு யார்கிட்ட சொல்லணும் பெரிம்மா?"
பூ வைத்துவிட்டேன்.